கத்திரி வெயிலில் சென்னை மாநகர்

கோடை விடுமுறை என்றவுடன் ஊட்டியையும் கொடைக்கானலையும் நினைப்பவரே பலர். பள்ளி மலர்களில் அவ்விரு ஊர்களைப் பற்றியும் எத்தனையோ கட்டுரைகள் வந்துவிட்டன. மே மாதத்தில், அதுவும் அக்கினி நட்சத்திரம் எனப்படும் கத்திரிக் காலத்தில், சென்னைக்குச் சுற்றுலா போவாருண்டோ என்று நீங்கள் கேட்கலாம். நாங்கள் போனோம். ஒன்பதாம் வகுப்பின் ஆண்டுத் தேர்வு முடிந்தபின் மாணவியர் பதினான்கு பேர், அருட்சகோதரியர் இருவர், சமூக அறிவியல் ஆசிரியை ஒருவர் ஆக ஐந்து நாள்கள் சென்னையில் தங்கினோம். புறப்படும் முன்பே ஆசிரியை ஒரு கட்டளை இட்டுவிட்டார். "திரும்பி வந்து அதைப் பார்த்தோம், இதைத் தின்றோம் என்று கதை எழுதக் கூடாது. ஒரு பெருநகரம் கோடையை எப்படித் தாங்குகிறது என்பதைப் படித்துவந்து பாடமாக எழுத வேண்டும்" என்றார். அந்தப் பாடமே இது. ஆனால் தின்றதையும் விட்டுவிடவில்லை.

எங்கள் வகுப்பில் வராதவர்களும் உண்டு. தாயில்பட்டியில் விடுமுறை என்பது பிள்ளைகளுக்கு மட்டுந்தான். தாய்மார்க்குக் கோடைதான் வேலைக் காலம். தீபாவளிக்கு வெடிக்கும் பட்டாசு சித்திரையிலும் வைகாசியிலும் செய்யப்படுகிறது. எண்ணிக்கைக்குக் கூலி ஆதலால் தாய் ஒரு நாள் வீட்டில் நின்றால் அன்றைய கூலி இல்லை. ஆகவே வீட்டையும் தம்பி தங்கைகளையும் பார்த்துக்கொள்ளச் சில தோழியர் நின்றுவிட்டனர். அவர்களுள் ஒருத்தி, நாங்கள் புறப்பட்ட அன்று மாலை வழியனுப்ப வந்து, "ஏடி, கடல் பக்கத்துல இருக்கவங்களுக்கும் வேர்க்குமாடி? கேட்டுட்டு வாங்க" என்றாள். நாங்கள் சிரித்தோம். ஆசிரியை சிரிக்கவில்லை. "நல்ல கேள்வி, அதிலிருந்தே தொடங்குங்கள்" என்றார்.

சிவகாசியில் இரவு பொதிகை விரைவு வண்டியில் ஏறினால் மறுநாள் காலையில் சென்னை. 500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்தை உறங்கியே கடந்துவிடலாம். இறங்கிய முதல் அரைமணியிலேயே தோழியின் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது. வேர்க்கிறது, நம் ஊரைவிட அதிகமாகவே வேர்க்கிறது! நம் கரிசல் பூமியின் வெயில் உலர்ந்த வெயில். உடம்பில் பூக்கும் வேர்வையைக் காற்று உடனே உறிஞ்சிவிடுகிறது. வேர்வை ஆவியாகும்போது உடம்பின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான். கடலோரக் காற்றிலோ முன்பே ஈரம் நிறைந்திருக்கிறது. அது வேர்வையை ஏற்க மறுக்கிறது. வேர்வை ஆவியாகாமல் வழிந்தோடுகிறது, உடம்பு குளிர்வதில்லை. ஆகவே வெப்பமானி நம் ஊரிலும் சென்னையிலும் ஒரே அளவைக் காட்டினாலும் சென்னையின் புழுக்கம் வேறு.

மீதிப் பாதி விடை பிற்பகலில் வந்தது. நகரத்துப் பெரியவர்கள் பகலில் அடிக்கடி "காற்று திரும்பிவிட்டதா?" என்று கேட்டுக்கொள்வதைக் கவனித்தோம். நம் ஊரில் மழையைப் பற்றித்தான் அப்படிக் கேட்பார்கள். காரணம் இதுதான். நிலம் விரைவில் சூடாகும். கடல் மெல்லவே சூடாகும். நிலத்தின்மேல் உள்ள காற்று சூடேறி மேலெழ, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று விரைகிறது. இதைக் கடற்காற்று என்று ஏழாம் வகுப்பிலேயே படித்திருக்கிறோம். படித்தபோது அது மதிப்பெண், சென்னையில் அது உயிர். ஆனால் மே மாதத்தில் மேற்கேயிருந்து ஒரு வறண்ட காற்று நிலத்தின் மீதாக வந்து கடற்காற்றை உள்ளே விடாமல் தடுக்கிறது. இரண்டு காற்றுக்கும் இடையே நாள்தோறும் மல்யுத்தம் நடக்கிறது என்று சொல்லலாம். நண்பகலுக்குள் கடற்காற்று வென்றால் சூடு தணியும். மூன்று, நான்கு மணிவரை மேல்காற்றே நின்றால் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டிவிடும். 2003ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி செல்சியஸ் பதிவாயிற்று. அந்த நாளை நினைவு வைத்திருப்போர் இன்னும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள்.

ஆகவே சென்னையில் கோடையை அனுபவிக்க விரும்புவோர் கடிகாரத்தைப் பார்க்காமல் காற்றைப் பார்த்துப் புறப்பட வேண்டும். நாங்கள் காலையில் ஆறு முதல் பத்து வரை வெளியே, பின் நான்கு மணிவரை கூரைக்குள், அதன்பின் கடற்கரை என்று வகுத்துக்கொண்டோம்.

கடற்கரை என்றால் மெரினாதான். புனித ஜார்ஜ் கோட்டைக்குத் தெற்கே தொடங்கி நீளும் அந்த மணற்பரப்பைக் கண்டு நாங்கள் வாயடைத்து நின்றோம். கிணற்றையும் கண்மாயையும் வைப்பாற்றையும் மட்டுமே கண்ட கண்களுக்கு மறுகரை இல்லாத நீர் அச்சமாகவே இருந்தது. ஆனால் இவ்வளவு அகன்ற மணல் ஆதியில் அங்கு இல்லை என்பதை அறிந்தபோது வியப்பு இன்னும் கூடியது. 1870-களில் துறைமுகத்திற்காகக் கடலுக்குள் கற்சுவர்கள் கட்டத் தொடங்கினார்கள். சென்னைக் கரையோரம் ஆண்டின் பெரும்பகுதியும் மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. சுவர் வழியை மறித்ததும் மணல் தெற்கே தேங்கியது, கரை அகன்றது. 1880-களில் ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப் அக்கரையோரம் உலாவும் சாலையை அமைத்து மெரினா என்று பெயரிட்டார். தெற்கே இப்படி வளர, துறைமுகத்திற்கு வடக்கே மணல் வந்து சேராமல் இராயபுரம் பக்கத்துக் கரையைக் கடல் அரிக்கலாயிற்று. மெரினாவில் அமர்ந்து காற்று வாங்கும்போது நமக்குக் கீழே இருக்கும் மணல் வடசென்னைக்குச் சேர வேண்டிய மணல் என்று ஆசிரியை சொன்னார். அதன்பின் சுண்டல் சற்று மெதுவாகத்தான் உள்ளே இறங்கியது.

கடற்கரைச் சாலையில் அண்ணா, எம்.ஜி.ஆர். ஆகியோரின் நினைவிடங்களைக் காணக் கூட்டம் முந்துகிறது. எங்களை நீண்ட நேரம் நிறுத்தியதோ உழைப்பாளர் சிலை. சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் படைப்பு. 1959ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. நான்கு பேர் ஒரு பெரும் பாறையை நெம்பிப் புரட்டுகின்றனர். இந்தியாவிலேயே முதன்முதலாக மே தினம் கொண்டாடப்பட்டதும் இந்நகரத்தின் கடற்கரையில்தான். 1923ஆம் ஆண்டு மே முதல் நாள் சிங்காரவேலர் உயர்நீதிமன்றத்தின் எதிரேயும் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் கூட்டங்கள் நடத்தினார். சிலையில் உள்ள நால்வரும் ஆண்கள் என்பதை எங்களுள் ஒருத்தி கண்டுபிடித்தாள். தாயில்பட்டியில் ஒரு சிற்பி உழைப்பாளர் சிலை செதுக்க வந்தால் திரி வெட்டும் அக்காவையும் காகிதக் குழாய் உருட்டும் அம்மாவையும்தான் செதுக்க வேண்டியிருக்கும். கல்லைப் புரட்டுவது கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிறது. குழாய் உருட்டுவது தெரிவதில்லை. வெயில் இரண்டுக்கும் ஒன்றே.

அதே சாலையில் திருவல்லிக்கேணியை ஒட்டி வட்டமான முகப்புடன் ஒரு மாளிகை நிற்கிறது. இன்று அதற்கு விவேகானந்தர் இல்லம் என்று பெயர். பேருந்து நடத்துநரிடம் கேட்டால் 'ஐஸ் ஹவுஸ்' என்பார். பெயர்க் காரணத்தைக் கேட்டபோது எங்களுக்கு நம்பிக்கையே வரவில்லை. பனிக்கட்டி செய்யும் இயந்திரம் இந்நாட்டில் இல்லாத காலத்தில் இவ்வூருக்குப் பனிக்கட்டி அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்தது! பிரெடரிக் டியூடர் என்ற பாஸ்டன் நகரத்து வணிகர், பனிக்காலத்தில் அங்குள்ள ஏரிகளும் குளங்களும் உறையும்போது அவற்றை வாளால் அறுத்துப் பாளம் பாளமாக எடுத்து, மரத்தூளைச் சுற்றிலும் அடைத்துக் கப்பலேற்றினார். சூயஸ் கால்வாய் 1869இல்தான் திறக்கப்பட்டது. ஆகவே கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து வந்தன. 1833இல் கல்கத்தாவுக்கு அவர் அனுப்பிய முதல் கப்பல் மே மாதம் புறப்பட்டுச் செப்டம்பரில் சேர்ந்தது. ஏற்றிய 180 டன்னில் ஏறக்குறைய 100 டன் கரையாமல் வந்தது என்றால் மரத்தூளின் பெருமையை என்னென்பது! மரத்தூளின் இடுக்குகளில் அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது என்பதே அதன் இரகசியம்.

சென்னைக்கு வரும் பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் எழுப்பப்பட்டதே இந்தக் கட்டடம். அமெரிக்க எழுத்தாளர் தோரோ தாம் வாழ்ந்த வால்டன் குளத்திலிருந்து பனிக்கட்டி இந்தியாவுக்குப் போவதைக் கண்டு, 1854இல் வெளிவந்த தம் 'வால்டன்' நூலில் சென்னையையும் குறிப்பிட்டிருக்கிறார். பின்னர் நீராவி இயந்திரத்தால் இங்கேயே பனிக்கட்டி செய்யும் முறை வந்ததும் கப்பல் வணிகம் மடிந்தது. மாளிகை வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்காரின் கைக்கு மாறியது. மேல்நாடு சென்று திரும்பிய சுவாமி விவேகானந்தர் 1897 பிப்ரவரியில் இங்கே தங்கினார். பனிக்கட்டி வைத்த வீடு ஞானியர் தங்கிய வீடாயிற்று.

இதைக் கேட்டபின் எங்களுக்குள் ஒரு வழக்கு எழுந்தது. அக்காலத்தில் அந்தப் பனிக்கட்டியை யார் குடித்தார்கள்? வெள்ளைக்காரத் துரைமாரும் செல்வரும் மருத்துவமனைகளும் என்றார் ஆசிரியை. அப்படியானால் கப்பலிலிருந்து பாளங்களைச் சுமந்து கொண்டுவந்து சேர்த்தவர்கள்? அதற்கு எந்தப் பலகையிலும் விடை எழுதப்படவில்லை. ஆனால் சென்னையின் சாதாரண மக்கள் பனிக்கட்டி இல்லாமலேயே கோடையை வென்றவர்கள் என்பதை அவர்களின் தீனியே சொல்கிறது.

ஆம், தீனிக்கு வந்துவிட்டோம்! காலையில் திருவல்லிக்கேணி ரத்னா கபேயில் இட்லி. 1948இல் தொடங்கிய கடை. அங்கே இட்லிக்குச் சாம்பார் ஊற்றுவதில்லை. சாம்பாருக்குள் இட்லியைக் குளிப்பாட்டுகிறார்கள். மீண்டும் மீண்டும் பாத்திரத்தைக் கொண்டுவந்து கவிழ்க்கிறார்கள். நம் பக்கத்து இட்லிக்குத் துணை சட்னிதான் என்று நம்பியிருந்த எங்களுக்கு இது புதுமை. சுவையில் குறையில்லை, எனினும் மூன்றாம் முறை ஊற்றியபோது எங்கள் சிஸ்டர் தட்டின்மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டார்.

பகலில் சாலையோரத் தள்ளுவண்டியில் கம்பங்கூழும் கேழ்வரகுக் கூழும். மோர் கலந்து, சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும் மாங்காய்த் துண்டும் சேர்த்துத் தருகிறார்கள். அலுவலகம் செல்வோரும் ஆட்டோ ஓட்டுநரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று குடிக்கிறார்கள். நம் ஊரில் ஆச்சிமார் செய்து வைத்தால் பிள்ளைகள் முகம் சுளிக்கும் அதே கூழ், மாநகரத்தில் காசு கொடுத்து வரிசையில் நின்று வாங்கப்படுகிறது. கூழில் நீரும் உப்பும் மோரும் சேர்ந்திருப்பதால் வேர்வையில் உடம்பு இழந்ததை அது உடனே திருப்பிக் கொடுக்கிறது. நிறமேற்றிய குளிர்பானம் இதைச் செய்யாது. நுங்கும் பதநீரும் அங்கேயும் கிடைக்கின்றன. ஆனால் இறக்கிய மரத்தடியிலேயே பனையோலைப் பட்டையில் பதநீர் குடித்துப் பழகியவர்களுக்கு நகரத்துப் பதநீர் பெயருக்குத்தான். நுங்கு மட்டும் நன்று. வெள்ளரிக்காயில் நம் சாத்தூரை வெல்ல சென்னையால் ஆகாது; இதில் எங்கள் பதினான்கு பேருக்கும் ஒரே கருத்து.

மயிலாப்பூரில் மாட வீதியருகே காளத்தி என்ற சிறு கடையில் ரோஸ் மில்க் குடித்தோம். பத்திரிகை விற்கும் கடை அது. ரோஸ் மில்க்கால் புகழ் பெற்றுவிட்டது. பாரிமுனைப் பக்கம் 'அத்தோ' என்று ஓர் உணவு. மஞ்சள் நிற நூடுல்ஸில் முட்டைக்கோசும் வறுத்த வெங்காயமும் புளிநீரும் பிசைந்து தருகிறார்கள். வாழைத்தண்டு சூப்பும் உண்டு. 1962இல் பர்மாவில் இராணுவ ஆட்சி ஏற்பட்டபின் வணிகத்தையும் வீட்டையும் விட்டுக் கப்பலேறி வந்த தமிழர்கள் கொண்டுவந்த உணவு இது. அவர்கள் பிழைக்கக் கடை போட்ட இடமே பர்மா பஜார். கையில் ஒன்றுமில்லாமல் வந்தவர்கள் நாவில் இருந்ததை வைத்து மீண்டும் வாழ்வைத் தொடங்கினார்கள். அத்தோ எங்களுள் பாதிப்பேருக்குப் பிடித்தது. மீதிப்பேர் வாழைத்தண்டு சூப்போடு நிறுத்திக்கொண்டனர்.

மீன் மட்டும் விலை அதிகம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்கள் இனம் பெருகுவதற்காகக் கிழக்குக் கடலில் விசைப்படகுகள் போகக் கூடாது என்பது சட்டம். சென்னையில் கோடையைக் கழிக்கப் போவோர் மீன் குழம்பை எண்ணிப் போக வேண்டாம். காசிமேட்டில் படகுகள் வரிசையாக ஓய்வெடுப்பதையும் மீனவர் வலை பின்னுவதையும் காணலாம், அதுவும் காட்சிதான்.

வெயில் நேரத்திற்கு ஏற்ற இடம் எழும்பூர் அருங்காட்சியகம். 1851இல் தொடங்கப்பட்டது. அங்குள்ள செப்புத் திருமேனிகளின் கூடத்தில் நின்றபோது வெளியே கத்திரி எரிவதே மறந்துபோயிற்று. நம் வெம்பக்கோட்டையில் 2022 முதல் அகழ்வாய்வு நடந்து சங்கு வளையல்களும் சுடுமண் பொருள்களும் கிடைத்தது அனைவரும் அறிந்ததே. பள்ளத்தில் மண்ணோடு கண்ட பொருள்களுக்கு ஒப்பானவை இங்கே கண்ணாடிக்குள் விளக்கொளியில் இருக்கக் கண்டோம். நம் ஊர் மண்ணுக்கும் மாநகர மாளிகைக்கும் உறவு உண்டு என்ற பெருமிதம் பிறந்தது. மெட்ரோ இரயிலும் நல்ல நிழல்தான். 2015இல் ஓடத் தொடங்கிய அந்த வண்டியின் நிலத்தடி நிலையங்கள் குளிர்ந்திருக்கின்றன. நகரும் படிக்கட்டில் கால் வைக்க அஞ்சி நின்ற எங்களை ஒரு பூக்காரப் பாட்டி கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். வண்டலூர் உயிரியல் பூங்காவில் யானைகளுக்கு நீர் தெளிப்பதையும் குரங்குகளுக்குப் பழம் வெட்டிப் போடுவதையும் பார்த்தோம். 602 எக்டேர் பரப்பு, நடந்து மாளாது, சிறுவர்களோடு போவோர் வண்டி எடுத்துக்கொள்க.

மே மாதம் தேவ அன்னையின் வணக்க மாதம் அல்லவா? ஆகவே மயிலாப்பூரில் 'காட்டுக் கோயில்' என வழங்கும் பிரகாச மாதா ஆலயத்தில் ஒரு மாலை செபமாலை சொன்னோம். 1516 என்று அங்குள்ள கல்வெட்டு ஆண்டு குறிக்கிறது. கடலில் திசை தெரியாது தவித்த போர்ச்சுகீசிய மாலுமிகளுக்கு ஓர் ஒளி வழிகாட்டியது என்றும், அது மறைந்த இடத்தில் கோயில் எழுந்தது என்றும் வரலாறு கூறுவர். மறுநாள் சாந்தோம் பேராலயத்தில் திருப்பலி. திருத்தூதர் தோமையாரின் கல்லறைமேல் எழுந்த ஆலயம். இன்றுள்ள கட்டடம் 1896இல் அர்ச்சிக்கப்பட்டது. 1956இல் பசிலிக்கா என்ற சிறப்பைப் பெற்றது. கல்லறையின் அருகில் நாங்கள் ஒரே ஒரு கருத்துக்காகச் செபித்தோம். அது என்னவென்று நம் ஊரார்க்குச் சொல்ல வேண்டியதில்லை. 2021 பிப்ரவரி 12ஆம் நாள் அச்சங்குளத்தில் நடந்த வெடிவிபத்தில் இருபது பேருக்கும் அதிகமானோர் இறந்தனர். அதற்கு முன்னும் பின்னும் எத்தனை! வெயில் ஏறும் ஒவ்வொரு மே மாதமும், மணிமருந்துக் கலவைக்கு உராய்வும் சூடும் ஆகா என்பதை அறிந்த பெரியவர்கள் வேலையைக் காலையிலேயே முடித்துவிடத் துடிப்பதையும், அதிகாலை வேனில் ஏறும் தாயின் முகத்தைப் பிள்ளைகள் ஒரு கணம் கூடுதலாகப் பார்ப்பதையும் இந்த மலரைப் படிக்கும் பெற்றோர் அறிவர்.

புனித தோமையார் மலையில் ஏறியபோது எங்களுக்குக் கிடைத்தது கணக்குப் பாடம். 1986 பிப்ரவரி 5ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இம்மலைக்கு வந்து செபித்தார் என்பதைப் பலரும் அறிவர். இம்மலையடியில் 1802 ஏப்ரல் மாதத்தில் வில்லியம் லாம்ப்டன் என்ற படை அதிகாரி இந்தியாவை அளக்கும் பெரும் பணியின் முதற்கோட்டை அளக்கத் தொடங்கினார் என்பதைச் சிலரே அறிவர். 100 அடி எஃகுச் சங்கிலியைக் கொண்டு ஏறக்குறைய 12 கிலோமீட்டர் அளந்தார். கொளுத்தும் கோடையில் எஃகு நீளும் அல்லவா? அதற்காகச் சங்கிலியை மரப்பெட்டிகளுக்குள் கிடத்தி, வெயில் படாது காத்து, வெப்பமானியால் சூட்டைக் குறித்துக்கொண்டு, நீண்ட அளவுக்கேற்பக் கணக்கைத் திருத்தினார்கள். அந்தக் கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாக வளர்ந்த அளவையே பல பத்தாண்டுகளுக்குப் பின் இமயத்தின் உச்சியையும் அளந்தது. முக்கோணவியலால் என்ன பயன் என்று கேட்கும் தோழியர்க்கு இம்மலையைக் காட்டலாம்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் சென்னைக் கோடையை முடிக்க முடியாது. நாங்கள் தங்கிய மடத்தில் குளியலறைக் கதவிலேயே "ஒருவருக்கு ஒரு வாளி" என்று எழுதி ஒட்டியிருந்தது. எங்களுக்கு அது கடினமாகத் தோன்றவில்லை. குடத்தோடு குழாயடியில் நின்று வளர்ந்தவர்கள் அல்லவா? 2019ஆம் ஆண்டு கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டுவிட்டன. உணவு விடுதிகள் மூடப்பட்டன. அலுவலகங்கள் ஊழியரை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லின. அவ்வாண்டு ஜூலை 12 முதல் ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் தண்ணீர் வந்தது. 50 பெட்டிகளில் ஏறக்குறைய 25 இலட்சம் லிட்டர். மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் அமைக்கப்பட்டிருக்கின்றன. நம் பகுதியில் கண்மாய் வற்றினால் ஆடுமாடுகளை விற்றுவிட்டு அடுத்த மழைக்குக் காத்திருக்கிறோம். நகரத்துக்கு இரயில் வருகிறது. இது நியாயமா என்று விவாதித்தோம். அங்கே வீட்டு வேலை செய்து பிழைக்கும் நம் பக்கத்துப் பெண்களும் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள் என்று சிஸ்டர் சொன்னதால் விவாதம் முடிவின்றி நின்றது.

கடைசி நாள் மாலை எங்களுள் ஒருத்தியின் அத்தை வீட்டில் தேநீர். பக்கத்து வீட்டு அம்மா நாங்கள் சிவகாசிப் பக்கம் என்று கேட்டதும் முகம் மலர்ந்து, "தீபாவளிக்குப் பட்டாசு சகாய விலைக்குக் கிடைக்குமா?" என்று கேட்டார். நல்லவர், குற்றமாகச் சொல்லவில்லை. 2018இல் உச்சநீதிமன்றம் இரண்டு மணி நேரமே வெடிக்கலாம் என்று வரையறுத்த பின் தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7 வரையும் மாலை 7 முதல் 8 வரையும் என நேரம் வகுத்து வருகிறார்கள். மாநகரத்துக்கு அந்த இரண்டு மணி நேரம். அதற்காக எங்கள் ஊர் கோடை முழுவதும் குனிந்து அமர்ந்திருக்கிறது. பெட்டியில் சிவகாசி என்று அச்சாகியிருக்கும். தாயில்பட்டி என்று இராது. நாங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லி, அது எங்கே இருக்கிறது, யார் எப்படிச் செய்கிறார்கள் என்று விளக்கினோம். அந்த அம்மா நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, புறப்படும்போது எங்கள் கையில் ஒரு பை நிறைய மாம்பழம் கொடுத்தார். பங்கனப்பள்ளி. வராத தோழியருக்கென்று அவற்றை வண்டியில் ஒருவரும் தொடவில்லை.

அடுத்த ஆண்டு செல்லவிருக்கும் ஒன்பதாம் வகுப்புத் தங்கையருக்குச் சில குறிப்புகள். அருங்காட்சியகத்திற்கு வெள்ளிக்கிழமை விடுமுறை; வண்டலூருக்குச் செவ்வாய்க்கிழமை. கடற்கரையும் ஆலயங்களும் இலவசம். ஆகவே செலவின் பெரும்பகுதி பயணச்சீட்டும் உணவுமே. கடலில் முழங்காலுக்கு மேல் இறங்க வேண்டாம். மெரினாவில் அலையின் உள்ளிழுப்பு வலிது. பருத்தி ஆடை, தண்ணீர்க் குப்பி, தொப்பிக்குப் பதில் ஒரு துண்டு. இவற்றோடு, வீட்டில் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள நின்ற தோழியர் இம்முறையாவது வரும்படி விடுமுறைக்கு முன்பே தாய்மாரோடு பேசி ஒரு வாரத்துக்கு மாற்று ஏற்பாடு செய்ய முடியுமா என்று சிஸ்டரிடம் கேட்டிருக்கிறோம். பிள்ளைகளைப் பகலில் பள்ளியிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் சொல்லியிருக்கிறார். பார்த்துக்கொள்ளப் பத்தாம் வகுப்பை முடிக்கும் நாங்கள் இருக்கிறோம்; பெயர்ப் பட்டியல் வகுப்பறைக் கதவில் ஒட்டப்பட்டிருக்கிறது.